ரெண்டு மலை, நடுவுல சூரியன்

பாப்பா என்ன வரையுது சார், மலையா? போடு கண்ணு, போடு. நல்லா கூராப் போடு. நடுவுல ஒரு சூரியனை வச்சுரு, அப்பத்தான் படத்துக்கு ஒரு களை வரும். கோவிச்சுக்காதீங்க சார், எவனோ பக்கத்து சீட்டுக்காரன் எட்டி எட்டிப் பாக்குறானேன்னு நெனைக்காதீங்க. மலையைக் கண்டா எனக்கு வாய் சும்மா இருக்காது. போன மழைக்காலத்துலேருந்து பொங்கல் தாண்டுற வரைக்கும் எங்க வீட்டுல நடந்த கூத்து பூரா இந்த மலையாலதான். வேளாங்கண்ணி வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். நீங்களும் பொண்ணு வச்சிருக்கீங்க, கேட்டு வச்சுக்குங்க.

நம்ம பேரு பக்கிரிசாமி. வேதாரண்யத்துல இறங்கி தேனொலி சவுண்ட் சர்வீஸ்னு யாருகிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நம்ம குழாய் ஸ்பீக்கர்தான் பேசும். அதனால எனக்கும் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. என் வீட்டுக்காரி இளவரசி சொல்லுவா, உங்களுக்கு எதுக்குங்க மைக்கு, சும்மா வாயைத் திறந்தாலே தோப்புத்துறை வரைக்கும் கேக்குமேன்னு. அவ கெடக்குறா.

எங்களுக்கு ஒரே பொண்ணு. தர்ஷிகா. ஆறாவது படிக்குது. அமைதின்னா அமைதி, அப்படி ஒரு அமைதி. அது என்னை மாதிரியும் இல்ல, அவங்க அம்மா மாதிரியும் இல்ல. ஆனா படம் வரையும் சார். அந்தக் கை மட்டும் என் கை.

நான் படிக்கிற காலத்துல எனக்கு ஒரே ஒரு பரிசு கெடைச்சுது. ஓவியப் போட்டி. எவர்சில்வர் டிபன் பாக்ஸு. என்ன படம்னு நெனைக்கிறீங்க? இதோ உங்க பாப்பா போடுதே, இதேதான். ரெண்டு மலை. நடுவுல பாதிச் சூரியன், அதுலேருந்து சுத்தி கோடு. மலையடிவாரத்துலேருந்து ஆறு வளைஞ்சு வளைஞ்சு வரும். கரையில ஒரு குடிசை, குடிசைக்குப் பக்கத்துல ஒரு தென்னை. வானத்துல காக்கா. காக்கான்னா பெரிய வித்தை இல்ல, கண்ணு புருவம் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தா காக்கா. அந்தப் படத்தைத்தான் என் பொண்ணுக்கு அது பென்சில் புடிக்கத் தெரியாத வயசுலேருந்து சொல்லிக் குடுத்தேன். ஒண்ணாவதுலேருந்து அஞ்சாவது வரைக்கும் வருஷா வருஷம் பரிசு. சோப்பு டப்பா, தண்ணி பாட்டில், டவரா செட்டுன்னு வீட்டுல ஒரு அலமாரி பூரா அந்த மலை சம்பாதிச்சதுதான்.

நான் உதவியெல்லாம் பண்றதில்ல சார், தப்பா எடுத்துக்காதீங்க. கையைப் புடிச்சுக் கோடு மட்டும் இழுத்துக் குடுப்பேன். கலர் அதுதான் அடிக்கும். பக்கத்துல உக்காந்து இங்க நீலம், இங்க பச்சைன்னு சொல்லுவேன், கொஞ்சம் வெளியில போயிட்டா வாங்கி நானே சரி பண்ணிக் குடுத்துருவேன். அவ்வளவுதான். புள்ளைங்க சமாச்சாரத்துல பெத்தவங்க மூக்கை நுழைக்கவே கூடாது.

இப்படி நல்லாப் போயிட்டிருந்துச்சா? ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடத்துல சேத்தோம். அங்க மழைக்காலம் தொடங்குறப்ப புதுசா ஒரு டிராயிங் மிஸ்ஸு வந்துச்சு. வனிதாமணின்னு பேரு. ஊரு போடிநாயக்கனூர்ப் பக்கம். எங்க போடி, எங்க வேதாரண்யம், பாருங்க. மொத நாளு வந்து, உங்களுக்குப் புடிச்சதை வரைங்க புள்ளைங்களான்னு சொல்லிட்டு உக்காந்துருச்சு. அரை மணி நேரம் கழிச்சு பெஞ்சு பெஞ்சா வந்து பாத்தா, வகுப்பு மொத்தமும் மலை. எல்லா மலைக்கு நடுவுலயும் சூரியன். சில சூரியனுக்குக் கண்ணு மூக்கு சிரிப்பெல்லாம் வேற. மிஸ்ஸு விழுந்து விழுந்து சிரிச்சுதாம். உங்கள்ல மலையைப் பாத்தவங்க யாராவது கையைத் தூக்குங்கன்னு கேட்டிருக்கு. ஒரு கை எந்திரிக்கல.

எப்படி எந்திரிக்கும்? எங்க ஊரு தட்டு மாதிரி சார். ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் உப்பளம். மாடி ஏறி நின்னா அதுதான் மலை. அந்த மிஸ்ஸு சொல்லிச்சாம், "எங்க வீட்டு வாசல்ல நின்னா மலைதான். பொறந்ததுலேருந்து பாக்குறேன், ஒரு நாளு கூட அது இப்படிக் கூம்பா நின்னதில்ல. பாக்காததை வரையாதீங்க. நீங்க தினம் பாக்குறதை வரைங்க. இனிமே என் வகுப்புல மலை கெடையாது."

என் பொண்ணு வீட்டுக்கு வந்து இதைச் சொல்லுது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். டிபன் பாக்ஸு வாங்கின மலை சார் அது! மொறைப்படி போடத் தெரிஞ்சா அந்தம்மா ஏன் மலையை வேணாங்குது? இளவரசி சொல்றா, அது சரியாத்தானே சொல்லியிருக்கு, நீங்க மலை பாத்திருக்கீங்களான்னு. நான் பாக்கலைன்னா என்ன, மலை இல்லைன்னு ஆயிருமா?

அதுலேருந்து புடிச்சுது சனியன். மத்த புள்ளைங்க எல்லாம் எதையாவது வரையுது. அஃப்ரின்னு என் பொண்ணு பக்கத்துல ஒக்கார்ற புள்ள, அவங்க வீட்டுக் கோழியை வரைஞ்சிருக்கு. ஒத்தைக் காலைத் தூக்கிட்டு நிக்குது, அச்சு அசல். இன்னொருத்தன் கொல்லையில இருக்குற தண்ணி மோட்டாரு. என் பொண்ணு மட்டும் வெறும் பேப்பரை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. பென்சிலை வச்சா கை தானா மேல ஏறி கீழ இறங்குது, மலை ஆயிருது. ரப்பர் வச்சு அழிக்குது. திரும்ப வைக்குது, திரும்ப மலை. அழிச்சு அழிச்சு பேப்பரு ஓட்டையே விழுந்துருச்சு. மிஸ்ஸு திட்டவும் இல்லையாம். மெதுவா யோசி, ஒண்ணும் அவசரமில்லைன்னுச்சாம். அவசரமில்லையாம்!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, நான் என் கண்ணால பாத்தேன். ப்ரேயர்ல குழாய் கரகரங்குதுன்னு ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டிருந்தாரு. ஒயரைப் பாக்குற மாதிரி அப்படியே வராண்டாவுல நடந்து போய் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். என் தங்கம் பென்சில் முனையைக் கடிச்சுக்கிட்டு ஃபேனைப் பாக்குது, போர்டைப் பாக்குது, பேப்பரைப் பாக்குது. அந்த மூஞ்சியைப் பாக்கணுமே சார். பசிச்ச புள்ளைக்கு முன்னால எலையைப் போட்டு, சோறு வைக்காம விட்ட மாதிரி இருந்துச்சு.

சும்மா வர முடியுமா? அங்கேயே எனக்கு ஒரு யோசனை வந்துருச்சு. மலைதானே வேணாம்? உப்பு அம்பாரம் போடலாமே! எங்க ஊருல உப்பைக் குவிச்சு வச்சிருப்பாங்க பாருங்க, வெள்ளை வெளேர்னு, பெரிசு பெரிசா. தினம் பாக்குறதுதானே? நான் ஜன்னல்லேருந்து ரெண்டு கையையும் கூப்புற மாதிரி வச்சு, அம்பாரம் அம்பாரம்னு சைகை காட்டுறேன். அப்புறம் விரலை நாக்குல வச்சு, உப்பு உப்புன்னு காட்டுறேன். என் பொண்ணு என்னைப் பாத்துட்டு பயந்து போயி தலையைக் குனிஞ்சுக்குது. மத்த புள்ளைங்க எல்லாம் திரும்பிப் பாத்துட்டு, "மிஸ், மைக் செட்டுக்காரருக்கு என்னமோ ஆயிருச்சு மிஸ்"ங்குதுங்க. மிஸ்ஸு வந்து, "என்ன சார், இங்க ஏதும் ஒயரு போகுதா?"ன்னு கேட்டுச்சு. ஆமாங்க, ஷார்ட்டாகுதான்னு பாக்குறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு அம்பாரம், நடுவுல சூரியன். அதுவும் அடுத்த வாரம் அப்படியே வரைஞ்சு கொண்டு போச்சு. மிஸ்ஸு பாத்துட்டு, "இது உப்பா?"ன்னுச்சாம். ஆமா மிஸ். "சரி, உப்பு அம்பாரத்துலேருந்து எதுக்கும்மா ஆறு வருது? கரைஞ்சு போயிராதா?" வகுப்பே கொல்லுனு சிரிச்சுருச்சு. ஆறு நான் போட்டது சார். கை பழக்கம், வந்துருச்சு. ஆறு இல்லாம குடிசையை எங்க வைக்கிறது சொல்லுங்க?

அன்னைக்குச் சாயங்காலம் என் பொண்ணு வந்து கலர் டப்பாவைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளிருச்சு. சாப்பிடக் கூப்பிட்டா வரல. நான் போயி, ஏன்டா கண்ணு, இதுக்குப் போயி அழுவாங்களா, வேற போடலாம், மயில் போடலாம், தாமரை போடலாம், அப்பா சொல்லித் தாரேன்னேன். அது சொல்லுது, "வேணாம்பா. எனக்கு ஒண்ணுமே வராதுப்பா. இத்தனை நாளு வந்ததெல்லாம் உங்களுதுதான்."

பாருங்க, அந்தத் துக்கத்துலயும் அப்பனை விட்டுக் குடுக்கல! நான் அன்னைக்குப் பூரா அதை நெனைச்சு நெனைச்சுப் பெருமைப்பட்டேன். இளவரசிகிட்ட சொன்னா அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு உள்ள போயிட்டா. அவளுக்குப் பொறாமை.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, உள்ளுக்குள்ள எனக்குப் பயம் வந்துருச்சு. ஏன்னா ஆண்டு விழா வருது. இந்த மிஸ்ஸு என்ன பண்ணிருச்சுன்னா, ஹாலு சுவத்துல வகுப்புல இருக்குற ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு எடம்னு பிரிச்சு, பேரை அழகா எழுதி ஒட்டி வச்சிருச்சு. அவங்கவங்க படத்தை அவங்கவங்களே கொண்டு வந்து மாட்டணும். போட்டி கெடையாது, பரிசு கெடையாது. ஒண்ணு கொண்டு வந்தாப் போதும். மலை மட்டும் கூடாது. பரிசு இல்லாத போட்டியை நான் இப்பத்தான் சார் கேள்விப்படுறேன். அது கெடக்கட்டும். ஊரே வந்து பாக்கும். எல்லாப் பேருக்கு மேலயும் படம் இருக்கும், தர்ஷிகாங்குற பேருக்கு மேல மட்டும் வெறும் சுவரா இருந்தா? அந்தப் புள்ள மனசு என்ன ஆகும்? அதுக்கப்புறம் அது பென்சிலைத் தொடுமா? எனக்கு ராவெல்லாம் தூக்கம் புடிக்கல.

அப்பத்தான் தோணுச்சு. கொழந்தைக்குச் சரக்கு இல்ல. பாத்தாத்தானே வரையும்? சரக்கை நாம ஏத்தி விட்டுருவோம்னு ஒரு ஞாயித்துக்கெழமை, தினம் பள்ளிக்கூடத்துல கொண்டு விடுற எக்ஸ்எல் வண்டியில ஏத்திக்கிட்டுக் கெளம்பினேன். கோடியக்கரை போனோம். என் வண்டியில புள்ள பின்னால ஒக்காந்தா எனக்கு எப்பவும் ஒரே பயம். லோடு ஏத்தி ஏத்திப் பழகின வண்டி, துள்ளும். அதனால கெட்டியாப் புடிச்சுக்க, தலையை அங்க இங்க நீட்டாத, மண்ணு அடிக்கும், எனக்குப் பின்னாலேயே ஒண்டிக்கன்னு சொல்லிக்கிட்டே ஓட்டுவேன். நம்ம ஒடம்பு கொஞ்சம் அகலம், பாக்குறீங்கள்ல, காத்து மழை எதுவும் புள்ளை மேல படாது.

காட்டாதது இல்ல சார்! கலங்கரை விளக்கம் காட்டினேன். வெளிமான் காட்டினேன். ஆறுகாட்டுத்துறையில படகு வந்து மீன் ஏலம் போறதைக் காட்டினேன். பூநாரை வந்திருந்துச்சு, தண்ணியில ரோசாப்பூவைக் கொட்டின மாதிரி நிக்குது. வண்டியில போறப்பவே, வலது பக்கம் பாரு, வலது பக்கம் பாருன்னு கத்திக்கிட்டே போறேன். பாத்தியான்னு கேப்பேன். பாத்தேன்பான்னு பின்னாலேருந்து சத்தம் வரும். பதிஞ்சுதா? ம். எறங்கி நின்னும் பாத்தோம், நான்தான் நேரமாச்சு, அடுத்தது அடுத்ததுன்னு இழுத்துக்கிட்டு ஓடினேன். திரும்பி வர்றப்ப கொழந்தை என் முதுகுல சாஞ்சு தூங்கியே போச்சு.

அந்த வாரம் கட்டிலுக்கு அடியிலேருந்து கலர் டப்பா வெளியில வந்துருச்சு. நான் இளவரசிகிட்ட, பாத்தியா, அப்பன் வைத்தியம் எப்படின்னு மீசையை முறுக்கினேன். ஆனா என்ன வரையுதுன்னு என்கிட்ட காட்டல. கதவைச் சாத்திக்குது. நான் மெதுவா எட்டிப் பாத்தா ரெண்டு கையையும் விரிச்சுப் போட்டு மறைச்சுக்குது. உள்ள போகப் போனேன், இளவரசி வாசப்படியில குறுக்க நின்னுக்கிட்டா. "நீங்க பேசாம போயி ஆம்ப்ளிஃபயரைத் தொடைங்க"ங்குறா. எனக்குப் பொசுக்குனு போயிருச்சு. அதுவரைக்கும் என் பொண்ணு எனக்குக் காட்டாத படம்னு ஒண்ணு கெடையாது.

சரி, பூநாரைதான்னு முடிவு பண்ணிட்டேன். கடைத்தெரு பூரா சொல்லிட்டேன், ஆண்டு விழாவுக்கு வாங்க, நம்ம பொண்ணு பூநாரை போடுதுன்னு. வீட்டுல அதுக்கு என் மேல ஒரே பாசம் வேற. நான் சாப்பிட ஒக்காந்தா பின்னால வந்து ஒக்காந்துக்குது. டிவி பாத்தா பின்னால. ஷேவிங் பண்ணினா பின்னால. என்னடா கண்ணு, விசிறி விடுறியான்னு கேட்டா, ஒண்ணும் இல்லப்பா, நீங்க பாருங்கங்குது. அப்பன்கிட்ட படத்தைக் காட்டாம மறைச்சோமேன்னு மனசு கேக்கல போலிருக்குன்னு நெனைச்சுக்கிட்டேன்.

ஆண்டு விழா வந்துச்சு. மைக் செட்டு நம்மளுதுதான், வேற யாருது? இளவரசி புதுச் சட்டை எடுத்து வச்சிருந்தா. பொட்டியெல்லாம் தூக்கி மேடையேத்திட்டு வந்து மாத்திக்கிறேன்னு சொன்னேன், எங்க நேரம்? குளிச்சு பவுடர் போட்டதோட சரி, வேலைக்குப் போடுற நீலச் சட்டையோடயே நின்னுட்டேன். கனெக்‌ஷன் குடுத்து, ஹலோ ஹலோ சொல்லி, வேலைக்கு வச்சிருக்குற பையனை மெஷின்ல ஒக்கார வச்சிட்டு ஹாலுக்கு ஓடினேன். ஒரே கூட்டம். இடிச்சுப் புடிச்சு உள்ள போறேன். இதோ கோழி, இதோ மோட்டாரு. எங்கடா பூநாரைன்னு தேடுறேன். தர்ஷிகா, ஆறாம் வகுப்பு. பேரு இருக்கு. மேல பாத்தா ஒரு சட்டை.

சட்டை சார்! முழுப் பேப்பரும் ஒரே ஒரு சட்டை. ஒரு ஆளோட முதுகு. தலைகூட முழுசா இல்ல, பாதியில பேப்பரு முடிஞ்சுருச்சு. கழுத்துல சதை ரெண்டு மடிப்பு. ஒரு மச்சம். கழுத்துக்குப் பின்னால பவுடரை அப்பி, தேய்க்காம விட்டு, திட்டுத் திட்டா வெள்ளை. தோள்பட்டையில கிழிஞ்சதை ஏதோ கறுப்பு நூலை வச்சுப் பூரான் மாதிரித் தச்சிருக்கு. நடு முதுகுல வேர்வை, பெரிய ஏரி மாதிரி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பூநாரைக்கு எங்க போவேன்? கடைத்தெருக்காரனுவ எல்லாம் பின்னால நிக்கிறானுவ. மானம் போகுதேன்னு சத்தமாவே சொல்லிட்டேன், "என்ன படம் இது? யாரு சட்டை இது? இந்த லட்சணத்துல ஒருத்தன் வெளியில வருவானா? பவுடரைக் கூட ஒழுங்காப் பூசத் தெரியல. பூரான் மாதிரி ஒரு தையலு! ஏன், இவனுக்கெல்லாம் வீட்டுல பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளா, இல்லையா?"

"இருக்கா. உங்களுக்குப் பின்னாலதான் நிக்கிறா"ன்னு இளவரசி குரல். "நீல நூல் தீந்து போச்சு. கறுப்புல தச்சேன். அதுக்கென்ன இப்ப?"

அவ்வளவுதான், ஹாலே இடிஞ்சு விழுற மாதிரி ஒரு சிரிப்பு. ஏன் சிரிக்கிறாங்கன்னு எனக்குப் புரியல. வாட்ச்மேன் அந்தோணி, "அண்ணே, அசையாதீங்க, அசையாதீங்க, நாங்க ஒத்துப் பாத்துக்கிட்டு இருக்கோம். அந்த வேர்வை கூட இப்ப அதே எடத்துல இருக்கு"ங்குறான். ஒரு பாட்டியம்மா, அவங்கவங்க முதுகு அவங்கவங்களுக்கு எங்கப்பா தெரியும்னு சொல்லுது. நான் மெதுவாக் கையைக் கழுத்துக்குப் பின்னால கொண்டு போயி தொட்டுப் பாத்தேன். விரலைப் பாத்தா, வெள்ளை வெளேர்னு பவுடர்.

அப்பவும் எனக்கு ஆத்தாமை அடங்கல. இவ்வளவு காட்டி, பெட்ரோல் போட்டுச் சுத்தி, கடைசியில இதுவான்னு கேட்டுரணும்னு திரும்பப் போறேன். பின்னாலேருந்து ஒரு சத்தம்.

"அப்பா, திரும்பாதீங்க! அப்படியே நில்லுங்க!"

என் பொண்ணு சார். அந்தக் கூட்டத்துல, அந்தச் சத்தத்துல. அது அவ்வளவு சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல. விறுவிறுன்னு வந்துச்சு, எனக்கு முன்னால எட்டி சுவத்துலேருந்து படத்தைக் கழட்டிக்கிட்டு எனக்குப் பின்னால போயித் தரையில சம்மணம் போட்டு ஒக்காந்துருச்சு. "மிஸ், பென்சில் குடுங்க மிஸ். இந்த எடத்துல சட்டை ஒரு சுருக்கம் விழுது மிஸ், நான் அதை விட்டுட்டேன்"ங்குது. மிஸ்ஸு கூட்டத்தைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிட்டு பென்சிலை எடுத்துக் குடுத்துச்சு.

நான் சுவத்தைப் பாத்தபடி நிக்கிறேன். எதுக்க ஒண்ணும் இல்ல, வெறும் சுவரு, அதுல என் பொண்ணு பேரு. பின்னால பென்சில் சரக்கு சரக்குன்னு ஓடுற சத்தம் கேக்குது. நிக்காம ஓடுது சார். அழிக்கிற சத்தமே இல்ல.

நான் சுவத்தைப் பாத்துக்கிட்டே கேட்டேன், "ஏன்டா கண்ணு, பூநாரை காட்டினேனே, மான் காட்டினேனே?"

"அதெல்லாம் ஒரு தடவைதானேப்பா பாத்தேன்"னுச்சு. "வண்டியில போறப்ப வர்றப்ப தினம் நான் இதைத்தான்ப்பா பாக்குறேன். பேசாதீங்க, பேசினா தோளு ஆடுது."

வாயை மூடிக்கிட்டேன்.

இப்பவும் சொல்றேன், மலை போட்டிருந்தா அந்த ஹால்லயே அதுதான் எடுப்பா இருந்திருக்கும். அதுல எனக்கு மாத்துக் கருத்தே கெடையாது. ஆனா அந்த நேரத்துல பாத்து வெளியில நம்ம குழாய் கீச்சுனு கத்த ஆரம்பிச்சுருச்சு. பையன் வால்யூமை ஏத்தி விட்டுட்டான் போல. ஊரே காதைப் பொத்துது. ஹெட்மாஸ்டர் மைக்குலயே கூப்பிடுறாரு, "தேனொலி பக்கிரிசாமி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்"னு. இத்தனை வருஷத்துல நம்ம செட்டு ஒரு மேடையில கத்தினதில்ல சார், அது நம்ம தொழில் மானம். வேற நாளா இருந்தா பறந்திருப்பேன். அன்னைக்குக் கத்தட்டும்னு விட்டுட்டேன். கால் அசையல. மூச்சைக் கூடச் சின்னச் சின்னதாத்தான் விட்டேன், முதுகு ஏறி இறங்கினா புள்ளைக்குக் கோடு தப்பிருமேன்னு.

எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. எங்கிருந்துதான் வந்துச்சோ, கண்ணுலேருந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுது. மூக்கு ஒழுகுது, மீசையெல்லாம் நனைஞ்சு போச்சு. தொடைச்சுக்கலாம்னா கையைத் தூக்கணும். கையைத் தூக்கினா தோள்ல அந்தச் சுருக்கம் மாறிரும்ல? அப்படியே விட்டுட்டேன் சார்.